மூன்றாம் வரி

நெமிலிச்சேரி
13 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய துலுக்கானம் அவர்களுக்கு,

சனிக்கிழமை நீங்கள் உரையாற்றிக்கொண்டிருந்தபோது நான் கோபித்துக்கொண்டு எழுந்து, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனதாக நம் கணித வட்டத்தில் பேசிக்கொள்கிறார்களாம். எழுந்து போனது உண்மை. கோபம் இல்லை. ஐந்தரை மணி வண்டியை விட்டால் நெமிலிச்சேரியில் இருட்டிய பிறகுதான் இறங்க வேண்டும். எங்கள் குடியிருப்புக்குப் போகும் தெருவில் விளக்கு எரிவதில்லை. கதவையும் நான் அறையவில்லை. அம்பத்தூர் நூலகத்து மாடிக் கதவில் ஸ்பிரிங் இருக்கிறது. யார் விட்டாலும் அப்படித்தான் அடித்துக்கொள்ளும். செயலாளர் அமல்ராஜ் அதைப் பல வருடங்களாகச் சரிசெய்யப் போகிறார்.

போகும்முன் நான் சொன்னது ஒரே வாக்கியம். "கரும்பலகையில் மூன்றாம் வரி நிற்காது." அதைச் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன்.

நாம் இருவரும் ஒரே பொருளைத்தான் பேசுகிறோமா என்று தெரிய, உங்கள் உரையை என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். ஒரு முக்கோணம். அதன் மூன்று பக்கங்களும் சுவர்கள். உள்ளே ஒரு புள்ளி நேர்கோட்டில் ஓடுகிறது. சுவரில் பட்டால் கேரம் காய் திரும்புவதுபோல் அதே கோணத்தில் திரும்புகிறது. என்றாவது அது புறப்பட்ட இடத்துக்கே, புறப்பட்ட திசையிலேயே வந்து சேருமா? அப்படி ஒரு மூடிய பாதை எல்லா முக்கோணத்திலும் உண்டா? குறுங்கோண முக்கோணத்தில் உண்டு என்பது பழைய செய்தி. விரிகோண முக்கோணம் முழுவதற்கும் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

உங்கள் முதல் வரி: இரு பக்கங்கள் சமமாக இருந்தால், அடிப்பக்கத்தின் நடுவிலிருந்து இரண்டு சமபக்கங்களுக்கும் செங்குத்து வரையலாம். ஒரு பக்கத்தில் நேராக மோதித் திரும்பி, அடிப்பக்கத்தில் பட்டு, மறுபக்கத்தில் நேராக மோதி, வந்த வழியே திரும்பும். சரி. இரண்டாம் வரி: உச்சிக் கோணம் எவ்வளவு விரிந்தாலும் இது நடக்கும். அதுவும் சரி, அழகும்கூட. மூன்றாம் வரி: பக்கங்கள் சமத்திலிருந்து சற்றே பிசகினாலும் இதே பாதை மூடியே இருக்கும். இது தவறு. சிறு பிசகு சிறு விளைவைத்தான் தரும் என்று நீங்கள் நம்பிவிட்டீர்கள்.

வட்டத்தின் வெள்ளிவிழா மலர் மே மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அதில் இது உங்கள் பெயரில் வரக்கூடாது. மலருக்குக் கொடுத்த கட்டுரையைத் திரும்ப வாங்கித் திருத்துங்கள், அல்லது நிறுத்துங்கள். தொலைபேசியில் வேண்டாம். நாம் சேர்ந்து படித்த எம்.எஸ்ஸி. வகுப்பிலிருந்தே எனக்குத் தெரியும், பேச்சில் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள்.

ஞானம்மாள் ஆரோக்கியசாமி


மாங்காடு
22 ஜனவரி 2025

ஞானம்மாள் டீச்சருக்கு,

கதவு விஷயத்தில் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது ஸ்பிரிங் வேலை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அமல்ராஜ் சொன்னபோது மறுக்காமல் இருந்துவிட்டேன். மூன்றாம் வரிக்கு மன்னிப்பு இல்லை.

நீங்கள் போனபின் அந்த அறையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், கரும்பலகையைப் பார்த்தார்கள், பிறகு டீயைப் பார்த்தார்கள். ஆவடியில் கணக்கு வாத்தியாராக இருந்தாரே அப்துல் ரசாக், அவர் என் தோளில் கை போட்டு, "இன்னா சார், டீச்சரம்மா ஒரே வரில ஆட்டத்த கலைச்சிட்டுப் போயிட்ச்சு" என்றார். சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

ஆகவே ஒரு காரியம் செய்தேன். எங்கள் தெருவில் எத்திராஜ் என்று கேரம் போர்டு செய்கிறவர் இருக்கிறார். முக்கோணமாக ஒரு பலகை வேண்டும் என்றேன். யாரோடு விளையாடப் போகிறேன் என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல், ஒரு நூல் அளவு பிசகோடு செய்து தந்தார். பவுடர் தூவி, ஸ்ட்ரைக்கரை ஒரு பக்கத்தில் நேராக வைத்துச் சுண்டினேன். அடிப்பக்கத்தில் பட்டு, எதிர்ப்பக்கத்தில் மோதி, மறுபடி அடிப்பக்கம் தொட்டு, என் விரலுக்கே வந்தது. எத்திராஜ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பாரு நைனா, கரீக்டா ஊட்டுக்கு வந்துட்ச்சு." திரும்பத் திரும்பச் செய்தோம். திரும்பத் திரும்ப வந்தது.

நீங்கள் வகுப்பில் முதல் மாணவி. நான் ஏரிக்கரையில் நாற்று நட்டவர்களின் பிள்ளை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் நோட்டைப் பார்த்து எழுதியவன். அதனால் நீங்கள் ஒரு வரியைச் சொல்லிவிட்டு வண்டி ஏறினால் எல்லாரும் நம்புகிறார்கள். இந்த முறை பலகை என் பக்கம். கட்டுரையைத் திரும்ப வாங்குவதாக இல்லை.

உங்கள்
துலுக்கானம்


நெமிலிச்சேரி
29 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய துலுக்கானம் அவர்களுக்கு,

முதலில் ஒரு திருத்தம். நீங்கள் என் நோட்டைப் பார்த்து எழுதவில்லை. என் நோட்டில் இருந்த தவறுகள் உங்கள் நோட்டில் இருந்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

இனி பலகை. உங்கள் ஸ்ட்ரைக்கர் பொய் சொல்லவில்லை. அது களைத்து நின்றுவிட்டது, அவ்வளவுதான். தயவுசெய்து ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிப்பக்கத்தின் ஒரு முனையில் முப்பது பாகை, மறுமுனையில் இருபத்தொன்பது பாகை என்று வையுங்கள். முப்பது பாகைப் பக்கத்திலிருந்து செங்குத்தாகக் கிளம்புங்கள். அடிப்பக்கத்தை அறுபது பாகையில் தொடுவீர்கள், அறுபதில் திரும்புவீர்கள். எதிர்ப்பக்கத்தில் என்ன கோணம்? நூற்றெண்பதில் அறுபதும் இருபத்தொன்பதும் போக, தொண்ணூற்றொன்று. தொண்ணூறு அல்ல. ஒரு பாகை தப்பு. அங்கிருந்து திரும்பி மீண்டும் முதல் பக்கத்துக்கு வந்தால் இரண்டு பாகை தப்பு. அடுத்த முறை மூன்று. ஒவ்வொரு மோதலிலும் தப்பு கூடிக்கொண்டே போகும், ஒருபோதும் குறையாது. புள்ளி கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து அந்தப் பாதையை விட்டே போய்விடும்.

ஒன்றோ இரண்டோ பாகையை இரண்டு விரல் அகலமுள்ள ஒரு ஸ்ட்ரைக்கர் காட்டாது. ஐந்தாம் ஆறாம் சுற்றில் காட்டியிருக்கும். ஆனால் எத்திராஜ் எவ்வளவு பவுடர் தூவினாலும் உங்கள் ஸ்ட்ரைக்கர் ஒரு சுற்றுக்கு மேல் ஓடாது. நம் புள்ளிக்கோ அகலமும் இல்லை, களைப்பும் இல்லை. அது எத்தனை சுற்று போகும் என்பதுதானே உங்கள் கேள்வியே.

ஆகவே சமபக்கம் பிசகிய முக்கோணத்தில் மூடிய பாதை கிடையாது. விஷயம் முடிந்தது.

இதை எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. கூட்டத்தில் நீங்கள் கொடுத்த கட்டுரைப் பிரதியில் மற்ற எல்லாம் நன்றாக இருக்கிறது. முன்னுரையில் ஒரே ஒரு எழுவாய்ப் பிழை. ஓரத்தில் குறித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஞானம்மாள் ஆரோக்கியசாமி


மாங்காடு
24 பிப்ரவரி 2025

ஞானம்மாள் டீச்சருக்கு,

பதில் தாமதத்துக்கு உடம்பு காரணமில்லை. தொண்ணூற்றொன்றைப் பார்த்தபின் பேனா எடுக்க மனம் வரவில்லை.

உங்களிடம் சொல்லலாம். நாற்பது வருடம் கல்லூரியில் நின்று மற்றவர்கள் கண்டுபிடித்ததையே சொல்லிக் கொடுத்தேன். நாம் எம்.எஸ்ஸி. முடித்த அன்று துறை அறிவிப்புப் பலகையில் ஆராய்ச்சித் தலைப்புகள் என்று ஒட்டியிருந்தார்கள், நினைவிருக்கிறதா? வடிவியல், இடவியல், இயங்கு அமைப்புகள். நீங்கள் மூன்றையும் எழுதிக்கொண்டீர்கள். பிறகு உங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. எனக்குத் தம்பிகளைப் படிக்கவைக்க உடனே வேலை வேண்டியிருந்தது. அந்தப் பலகைக்கு நாம் இருவருமே திரும்பிப் போகவில்லை. இந்த மூன்றாம் வரிதான் என் வாழ்க்கையில் நானே எழுதிய முதல் வரி. அதனால்தான் அதைக் கைவிட மனம் வரவில்லை.

என் மனைவி கெங்கம்மாள் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்: "தப்புன்னு தெரிஞ்சிபோச்சில்ல? அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சிகினு கீற? போய்ச் சொல்லிட்டு வந்து துன்னு."

போய்ச் சொன்னேன். சென்ற சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நீங்கள் ஜலதோஷம் என்று வரவில்லை. எழுந்து நின்று, மூன்றாம் வரி தவறு, கட்டுரையை மலரிலிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கரும்பலகையில் தொண்ணூற்றொன்றை எழுதிக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. ரசாக் மட்டும், அப்படியானால் எத்திராஜின் பலகையை என்ன செய்வது என்று கேட்டார்.

இப்போது உங்கள் முறை. உங்கள் கடைசிக்கு முந்தைய பத்தியை எடுத்துப் பாருங்கள். "சமபக்கம் பிசகிய முக்கோணத்தில் மூடிய பாதை கிடையாது. விஷயம் முடிந்தது." டீச்சர், நீங்கள் நிரூபித்தது என்ன? என் பாதை செத்தது என்று நிரூபித்தீர்கள். எல்லாப் பாதையும் செத்தது என்று எங்கே நிரூபித்தீர்கள்? அதுவும் கோணங்கள் முழுப் பாகைகளாக இருந்தால் மூடிய பாதை கட்டாயம் உண்டு என்று நிரூபித்து ஏறக்குறைய நாற்பது வருடமாகிறது. முப்பது, இருபத்தொன்பது. நீங்களே தேர்ந்தெடுத்த முக்கோணத்திலேயே ஒரு மூடிய பாதை எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த அன்று கெங்கம்மாள் என்னைப் பார்த்து, உங்களிடமிருந்து ஏதாவது பணம் வந்ததா என்று கேட்டாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேனாம்.

உங்கள்
துலுக்கானம்


நெமிலிச்சேரி
3 மார்ச் 2025

மதிப்பிற்குரிய துலுக்கானம் அவர்களுக்கு,

நீங்கள் சொல்வது சரி. என் வாக்கியம் தவறு. ஒரு பாதை இல்லை என்பதிலிருந்து எந்தப் பாதையும் இல்லை என்று தாவியிருக்கிறேன். முதலாண்டு மாணவி செய்திருந்தால் வெளியே நிற்கவைத்திருப்பேன்.

கான்வென்டில் எங்களுக்குக் கணக்கு எடுத்த சிஸ்டர் பிலோமினா ரப்பர் வைத்திருக்க விடமாட்டார். தவறு செய்தால் அதன்மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும். கீழே இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். கறுப்பாக அடித்து மறைத்தால் அந்தத் தாளுக்கே மதிப்பெண் கிடையாது. என்னிடம் உள்ள பிரதியில் அந்த வாக்கியத்தின்மேல் அப்படி ஒரு கோடு போட்டுவிட்டேன். உங்களிடம் இருப்பதிலும் போட்டுவிடுங்கள்.

போட்டபின் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் பாதை ஏன் செத்தது? அந்தக் காரணம் தெரிந்தால் சாகாத பாதை எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா? புத்தகங்களில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. நான் புதிதாகச் சொல்லவில்லை. மோதல்களுக்கு வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுங்கள். ஒவ்வொரு சுவரும் ஒற்றைப்படை எண்களில் எத்தனை முறை தொடப்படுகிறதோ, இரட்டைப்படை எண்களிலும் அத்தனை முறை தொடப்பட வேண்டும். அப்போது ஒரு மோதலில் வரும் சாய்வை இன்னொன்று ஈடுகட்டிவிடும். முக்கோணம் சற்றுப் பிசகினாலும் பாதை பிழைக்கும். உங்கள் பாதையில் அடிப்பக்கம் இரண்டாம், நான்காம் மோதலில் மட்டும் தொடப்படுகிறது. இரட்டை, இரட்டை. அதன் சாய்வை ஈடுகட்ட ஆளே இல்லை.

ஆகவே நீளமான ஒரு பாதை வேண்டும். உச்சிக் கோணம் நூற்றுப்பன்னிரண்டு பாகை வரை கணினி வைத்து முடித்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அது நமக்குத் தடையல்ல. நூறு பாகையை ஒட்டி, இரு பக்கங்கள் ஏறக்குறைய சமமாக உள்ள முக்கோணங்களுக்கு, கையால் பின்தொடரக்கூடிய ஒரு பாதையும், அது ஏன் பிழைக்கிறது என்ற காரணமும் போதும். அதை யாரும் நம்மிடம் கேட்கவில்லை. எனக்கு வேண்டும்.

புள்ளி ஒரு சுவரில் மோதும்போதெல்லாம் முக்கோணத்தை அந்தச் சுவரின்மேல் மடித்துத் திருப்பி வரைந்துகொண்டே போனால் பாதை நேர்கோடாகிவிடும். அதற்கு நீளமான தாள் வேண்டும். பட்டாபிராம் கடையில் சுவரில் ஒட்டும் தாள் சுருளாகக் கிடைத்தது. பூப்போட்டது, பின்பக்கம் வெள்ளை. என் கணவர் இறந்தபின் சாப்பாட்டு மேசையின் மறுபாதி எதற்கும் பயன்படாமல் இருந்தது. இப்போது இடம் போதவில்லை.

நீங்களும் தேடுங்கள்.

ஞானம்மாள் ஆரோக்கியசாமி


மாங்காடு
28 ஏப்ரல் 2025

ஞானம்மாள் டீச்சருக்கு,

இத்துடன் சுருளாக ஒரு படம். தபால்காரர் என்னவென்று கேட்டார், முக்கோணம் என்றேன். நம்பவில்லை.

நீங்கள் மார்ச்சில் அனுப்பிய மூன்று பாதைகளும் மூலையில் முட்டிக்கொண்டன. நான் அனுப்பியவை விதியில் தோற்றன என்று நீங்கள் சிவப்பில் எழுதியிருந்தீர்கள். இது நான் எதிர்பார்க்காமல் கிடைத்தது. உங்கள் இரண்டாவது பாதையின் முதல் பாதியையும், நான் வெட்கப்பட்டு அனுப்பாமல் வைத்திருந்த ஒன்றின் பின்பாதியையும் ஒட்டிப் பார்த்தேன். எண் கொடுத்துச் சரிபார்த்தேன். மூன்று சுவர்களிலும் ஒற்றையும் இரட்டையும் சமம். கெங்கம்மாளைக் கூப்பிட்டு விரல்விட்டு எண்ணச் சொன்னேன். அவளும் சமம் என்றாள். "இதுக்கா இத்தினி நாளு?" என்றும் கேட்டாள்.

எத்திராஜிடம் காட்டினேன். இவ்வளவு தூரம் ஓட எந்த ஸ்ட்ரைக்கராலும் முடியாது என்றார். பலகையைத் தன் கடைவாசலில் பிள்ளைகள் விளையாடப் போட்டுவிட்டார். முக்கோண கேரம் என்று அதற்கு ஒரு விதியும் உண்டாகிவிட்டது. மூன்று பேர் ஆடலாமாம்.

கட்டுரையை எழுதுவோம். உங்கள் பெயரை முதலில் போடுகிறேன், அது மரியாதை. மூன்றாம் வரி பற்றி எதுவும் எழுத வேண்டாம். நேராகப் பாதையிலிருந்து தொடங்கலாம். அந்தக் கதை கூட்டத்தோடு முடிந்தது.

உங்கள்
துலுக்கானம்


நெமிலிச்சேரி
8 மே 2025

மதிப்பிற்குரிய துலுக்கானம் அவர்களுக்கு,

படம் மடங்காமல் வந்து சேர்ந்தது. மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்து, ஒவ்வொரு மோதலையும் நானே தனியாகக் கணக்கிட்டேன். ஒரு வாரம் ஆயிற்று. ஞாயிறு பூசையில்கூட மனம் ஒன்பதாம் மோதலில் இருந்தது, ஆண்டவர் பொறுத்துக்கொள்வார்.

பாதை சரி.

ஒரே இடத்தில் எச்சரிக்கை வேண்டும். பின்பாதியில் அது ஒரு மூலைக்கு மிக அருகில் போகிறது. முக்கோணம் நீங்கள் எழுதிய அளவுக்குப் பிசகினால் மூலையில் முட்டிவிடும். நீங்கள் சொன்ன எல்லையில் பாதிக்குத்தான் நம்மால் உத்தரவாதம் தரமுடியும். நம் தேற்றம் சிறியது, நீங்கள் எழுதியதைவிடவும் சிறியது. ஆனால் நிற்கிறது. அதன்மேல் யார் எத்தனை சுற்று ஓடினாலும் நிற்கும். பல வருடங்களில் நான் இவ்வளவு நிம்மதியாக ஒரு வாக்கியத்தை எழுதியதில்லை.

பெயர் வரிசை பற்றி. என் பெயர் முதலில் வரட்டும், ஆனால் மரியாதைக்காக அல்ல. அகரவரிசையில் ஞகரம் தகரத்துக்கு முன்னால் வருகிறது. அடிக்குறிப்பில் அப்படியே எழுதுங்கள்.

இன்னொரு செய்தி. நான் வற்புறுத்தியதால்தான் நீங்கள் கட்டுரையைத் திரும்ப வாங்கினீர்கள் என்று இப்போது வட்டத்தில் பேசுகிறார்களாம். அமல்ராஜுக்கு எழுதிவிட்டேன். அன்று நான் கூட்டத்திலேயே இல்லை; நீங்களே எழுந்து நின்று, நீங்களே சொன்னீர்கள். ஐம்பது வருடத்தில் நான் பார்த்த கணக்கு வாத்தியார்களில் அப்படிச் செய்தவர்களை எண்ண ஒரு கை வேண்டாம், ஒரு விரல் போதும் என்றும் எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் அதை உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். கதவையும் இந்த மாதத்துக்குள் சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன்.

இனி நாம் ஒத்துப்போகாத ஒன்று. மூன்றாம் வரியை விட்டுவிடலாம் என்கிறீர்கள். கூடாது. அது ரப்பரால் அழிப்பது. முதல் பகுதியில் அந்த வரி நீங்கள் கரும்பலகையில் எழுதியபடியே வரவேண்டும். அதன் கீழ் தொண்ணூற்றொன்று. இரண்டாம் பகுதியில் என் வாக்கியம், "மூடிய பாதை கிடையாது, விஷயம் முடிந்தது" என்பது. அதன் கீழ் உங்கள் மறுப்பு. மூன்றாம் பகுதியில் நம் பாதை. அந்த வரியை நீங்கள் எழுதியிராவிட்டால் நான் ஐந்தரை மணி வண்டியில் சும்மா வீட்டுக்கு வந்திருப்பேன். நீங்களே எழுதிய முதல் வரி என்றீர்களே, அதன்மேல் ஒரு கோடு இருக்கட்டும். கீழே இருப்பது படிக்கும்படி இருக்கட்டும். இரண்டு தவறும் நம் இருவர் பெயரிலுமே போகட்டும். எது யாருடையது என்று குறிக்க வேண்டியதில்லை.

அடுத்த மாதம் மாங்காட்டம்மனைப் பார்க்க எதிர்வீட்டு ரோஷினி காரில் போகிறாளாம். என்னையும் கூப்பிட்டிருக்கிறாள். அவள் கோயிலுக்குப் போகும் நேரத்தில் நான் எத்திராஜ் கடைக்கு வருவேன். மூன்று பேர் ஆடலாம் என்றீர்களே, கெங்கம்மாளுக்கு நேரம் இருக்குமா என்று கேட்டுவையுங்கள். எனக்கு வலது கைப் பழக்கம், மடியில் பவுடர் கொட்டினால் பிடிக்காது.

மலருக்கு இன்னும் மூன்று வாரமே இருக்கிறது. இரண்டு விஷயத்துக்கு உங்கள் சம்மதம் வேண்டும்: எல்லையைப் பாதியாகக் குறைப்பதற்கும், மூன்றாம் வரியை அச்சிடுவதற்கும். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது சரியில்லை என்று தனித்தனியாகக் குறிப்பிட்டு, தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

ஞானம்மாள்